கீ ஆன் செய்தால் பம்ப் சத்தம் இல்லையா? புது பம்ப் வாங்கும் முன் பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி இது: 2011 மாடல் ஹூண்டாய் ஐ10, பெட்ரோல். மழைக்காலத்தில் மூன்று வாரம் எடுக்காமல் நின்றிருக்கிறது. இப்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. கீ ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் வழக்கமாகக் கேட்கும் மெல்லிய உறுமலும் இல்லை. மெக்கானிக் வந்து பார்த்து, "பம்ப் போயிடுச்சு, அசெம்பிளியோட மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உண்மையிலேயே பம்ப்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பம்ப்பாக இருக்கலாம். ஆனால் சத்தம் கேட்கவில்லை என்பதை மட்டும் வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது. பம்ப் சுற்றவில்லை என்று தெரிகிறது, அவ்வளவுதான். பேட்டரியிலிருந்து பம்ப்புக்குக் கரண்ட் போகும் வழியில் ஃபியூஸ், ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), அந்த ரிலேயை இயக்கும் இசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்), காரின் நீளத்துக்கு ஓடும் ஒயர், கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்), கடைசியில் பாடி எர்த் என்று வரிசையாக இருக்கின்றன. இதில் எது அறுந்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒரே அறிகுறிதான். புது பம்ப் மாட்டிய பிறகும் வண்டி அப்படியே நின்றால், கழற்றிய பம்ப்பை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்: கீ ஆன் செய்யும் அந்த இரண்டு வினாடியில், பம்ப் கப்ளருக்கு லோடைத் தாங்கும் அளவுக்குக் கரண்ட் வருகிறதா, இல்லையா? வந்தும் சுற்றாவிட்டால் பம்ப் போய்விட்டது. வராவிட்டால் பம்ப்பின் மேல் பழியில்லை.

முதலில் இந்த இரண்டு வினாடிக் கணக்கு என்ன என்று பார்ப்போம். கீயை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் இசிஎம் பம்ப் ரிலேயைச் சுமார் இரண்டு வினாடி மட்டும் இயக்குகிறது. டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார் ஓடி, இன்ஜெக்டர் வரை உள்ள லைனில் பிரஷரை ஏற்றிவிட்டு நின்றுவிடும். உங்கள் வண்டியில் அந்தப் பிரஷர் சுமார் 3.5 கிலோ இருக்க வேண்டும். பிறகு செல்ஃப் அடித்து, இன்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால்தான் இசிஎம் மறுபடி ரிலேயைப் பிடிக்கும். விபத்தில் இன்ஜின் நின்றுபோனால் பம்ப்பும் தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. சோதிப்பவருக்குத்தான் இதனால் தொல்லை. மீட்டரை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்காது. கீ திருப்ப ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

சத்தத்தை ஒழுங்காகக் கேட்டீர்களா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஏசி ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பெட்ரோல் மூடியைத் திறந்து அங்கே காதை வைத்துக் கேளுங்கள். இன்னொருவர் கீ திருப்பட்டும். கீயை ஒருமுறை ஆன் செய்து அணைத்து உடனே மறுபடி ஆன் செய்தால் சில வண்டிகளில் இசிஎம் பம்ப்பை ஓட்டாது. அதனால் அரை நிமிடம் விட்டுத் திருப்புங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் டிரைவர் கதவைத் திறக்கும்போதே பம்ப் ஓடி முடித்துவிடும். சாவியைத் திருப்பும்போது அமைதியாக இருந்தால் அங்கே அது கோளாறே கிடையாது.

அடுத்து, பானெட்டைத் திறக்கும் முன் டேஷ்போர்டைப் பாருங்கள். கீ ஆன் செய்ததும் செக் இன்ஜின் லைட் எரிகிறதா? பலர் கவனிக்காத இடம் இது. அந்த லைட் எரியவே இல்லை, பம்ப்பும் ஓடவில்லை என்றால் இசிஎம்முக்கே சப்ளை இல்லை என்று சந்தேகப்படலாம். அப்போது பம்ப்பை மறந்துவிட்டு மெயின் ரிலே, இசிஎம் ஃபியூஸ், இன்ஜின் எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்கேனர் மாட்டினால் இசிஎம் பதிலே சொல்லாது, அதுவும் உறுதிப்படுத்தும். லைட் எரிந்தால் இசிஎம் விழித்திருக்கிறது. சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) லைட் இருக்கிற வண்டியாக இருந்து அது விட்டுவிட்டு மின்னினால், சாவியை இசிஎம் ஏற்கவில்லை. வண்டியைப் பொறுத்து பம்ப்பை நிறுத்தும், அல்லது இன்ஜெக்டரை நிறுத்தும். ஸ்பேர் சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், காசில்லாத சோதனை.

வெளியில் வாங்கி மாட்டிய அலாரம், சென்ட்ரல் லாக் செட், ஜிபிஎஸ் டிராக்கர் ஏதாவது இருக்கிறதா? இது முக்கியம். செல்போனிலிருந்து வண்டியை நிறுத்தும் வசதி உள்ள டிராக்கர்களில் ஒரு சின்ன ரிலே வரும். அதை மாட்டுபவர் பெரும்பாலும் பம்ப் ஒயரை வெட்டித்தான் நடுவில் சேர்ப்பார். டேப் சுற்றிய அந்த ஜாயின்ட் இரண்டு மழைக்காலம் தாங்கும், மூன்றாவதில் பச்சை பிடித்துவிடும். டிராவல்ஸில் ஓடிய காரைப் பழையதாக வாங்கியிருந்தால், டிராக்கர் கழற்றப்பட்டு வெட்டிய ஒயர் மட்டும் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஃபோர்டு, ஃபியட் கார்கள் பலவற்றில் இன்னொன்று இருக்கிறது. மோதல் நடந்தால் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச். பெரிய பள்ளத்தில் தடாலென்று இறங்கினாலும் அது சில சமயம் விழுந்துவிடும். பட்டனை அழுத்தினால் தீர்ந்தது. உங்கள் ஐ10 விஷயத்தில் இதைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

சரி, இப்போது ஃபியூஸ் பெட்டி. மூடியின் உட்புறத்தில் எது பம்ப் ஃபியூஸ், எது பம்ப் ரிலே என்று படம் போட்டிருப்பார்கள். ஃபியூஸைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள், மீட்டரிலும் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடலாம். ஆனால் அது ஏன் எரிந்தது என்ற கேள்வி அங்கே நிற்கிறது. போட்டதும் மறுபடி எரிந்தால், மோட்டார் இறுகி நிற்கிறது அல்லது ஒயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகிறது. பம்ப் கப்ளரைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் ஒயர், எரியாவிட்டால் பம்ப். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை வண்டிக்குப் பக்கத்தில் விடாதீர்கள். அந்த ஒயர் போய்ச் சேரும் இடம் பெட்ரோல் டேங்க்.

ரிலேவுக்கு வருவோம். விரலை ரிலே மேல் வைத்துக்கொண்டு ஒருவரைக் கீ ஆன் செய்யச் சொல்லுங்கள். ஒரு 'டிக்', இரண்டு வினாடி கழித்து இன்னொரு 'டிக்' விரலில் உணர வேண்டும். உணர்ந்தால் இசிஎம் தன் வேலையைச் செய்கிறது, ரிலேயின் காயிலும் (சுவிட்சை இழுக்கும் கம்பிச் சுருள்) நன்றாக இருக்கிறது. உள்ளே இருக்கும் பாயின்ட் (கரண்டை விடும் தொடுமுனை) நன்றாக இருக்கிறது என்று மட்டும் இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். பாயின்ட் கருகிப்போன ரிலேயும் 'டிக்' என்று அடிக்கும், கரண்டை மட்டும் விடாது. பக்கத்தில் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே நம்பர் போட்ட ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். பம்ப் ஓடினால் வேலை சில நூறு ரூபாயில் முடிந்துவிட்டது.

ரிலேயைக் கழற்றிய பிறகு இருக்கும் அந்த நான்கு ஓட்டைகள்தான் என்னைப் பொறுத்தவரை இந்த வேலையிலேயே நல்ல சோதனை இடம். வண்டிக்கு முன்னால் நின்றபடியே கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ரிலே மேலேயே சின்ன வரைபடம் அச்சிட்டிருப்பார்கள். 30, 87 என்று எண் போட்ட ரிலேயில் அவை இரண்டும் பாயின்ட், 85, 86 காயில். ஜப்பான் பாணி ரிலேயில் 3, 5 பாயின்ட், 1, 2 காயில். பாயின்ட் பக்கத்து ஓட்டைகளில் ஒன்றில் பேட்டரி சப்ளை இருக்க வேண்டும். சில வண்டிகளில் எப்போதும், சிலவற்றில் கீ ஆன் செய்தால் மட்டும். அது இல்லாவிட்டால் ஃபியூஸ் வரைக்கும் பின்னோக்கிப் போங்கள். இருந்தால், 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு ஜம்பர் ஒயரால் 30ஐயும் 87ஐயும் சேருங்கள். இப்போது இசிஎம்மையும் ரிலேயையும் தாண்டி நேரடியாகப் பம்ப்புக்குக் கரண்ட் போகிறது. பம்ப் ஓடினால் பம்ப்பும் ஒயரும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ரிலேயில் அல்லது அதை இயக்கும் பக்கத்தில். ஓடாவிட்டால் கோளாறு பெட்டிக்குப் பின்னால். ஜம்பரைச் செருகும்போது துல்லியமாகப் பார்த்துச் செருகுங்கள். காயில் பக்கத்து ஓட்டையில் பேட்டரி கரண்ட் போனால் இசிஎம் புகைந்துவிடும், அதன் விலைக்கு நான்கு பம்ப் வாங்கலாம்.

காயில் பக்கத்தைச் சோதிக்க மீட்டரையோ எல்இடி டெஸ்டரையோ மட்டும் பயன்படுத்துங்கள். 85க்கும் 86க்கும் நடுவில் மீட்டரை வைத்துக் கீ ஆன் செய்தால் இரண்டு வினாடிக்கு 12 வோல்ட் அளவில் காட்டி விழ வேண்டும். இங்கே இண்டிகேட்டர் பல்பைப் போட்டுப் பார்க்கக் கூடாது. ரிலே காயில் எடுப்பது ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கு போல. 21 வாட் பல்ப் எடுப்பது ஒன்றே முக்கால் ஆம்பியர். இசிஎம்முக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைத் தாங்க வேண்டும் என்று அவசியமில்லை. புதிய கார்கள் சிலவற்றில் ரிலேவே கிடையாது. பம்ப்பின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் தனி கண்ட்ரோல் யூனிட் இருக்கும். அங்கே ஜம்பர் விளையாட்டு வேண்டாம், ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள்.

ஜம்பர் போட்டும் பம்ப் ஓடவில்லை என்றால் இனி பின்பக்கம். ஐ10இல் பின் சீட்டுக் குஷனைத் தூக்கினால் தகட்டு மூடி ஒன்று இருக்கும், அதற்கடியில் பம்ப்பின் தலையும் கப்ளரும். டேங்க்கை இறக்காமல் பார்க்க முடிகிற வண்டி என்பது உங்கள் அதிர்ஷ்டம். இந்த வசதி இல்லாத கார்களில் டேங்க்கை இறக்கினால்தான் பம்ப்பைத் தொட முடியும், கூலியும் அதற்கேற்றபடி ஏறும்.

கை வைக்கும் முன் ஒரு நிமிடம். திறந்த வெளியில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு கதவும் திறந்திருக்கட்டும். பெட்ரோல் வாடை அடித்தால் வாடை போகும் வரை எந்த ஒயரையும் தொடாதீர்கள். டேங்க் தலைக்குப் பக்கத்தில் ஒயரை உரசித் தீப்பொறி பார்க்கும் பழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. அது சோதனை இல்லை, பைத்தியக்காரத்தனம். டெஸ்ட் பல்ப்பை நீள ஒயரில் கட்டி, அதைக் காருக்கு வெளியே வையுங்கள். கப்ளரை மாட்டுவது, கழற்றுவது எல்லாம் கீ ஆஃப் செய்து, ஜம்பரையும் எடுத்துவிட்டு. கரண்டைக் கொடுப்பதும் நிறுத்துவதும் எப்போதும் முன்னால், ரிலே பெட்டியில் நடக்கட்டும்.

இப்போது அந்த அளவீடு. பெரும்பாலானவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கப்ளரைக் கழற்றி, பெண் முனையில் மல்டிமீட்டரை வைத்து, "12.4 வோல்ட் வருதே, அப்போ பம்ப்தான் போச்சு" என்று முடித்துவிடுவார்கள். அந்த 12.4க்கு எந்த மதிப்பும் கிடையாது. மல்டிமீட்டர் எடுக்கும் கரண்ட் அற்பத்திலும் அற்பம். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொங்கினாலும், பச்சை பிடித்த பின் வழியாகவும், அது முழு வோல்ட்டைக் காட்டும். தெருக்குழாயில் சொட்டும் தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் டம்ளரை நிரப்பிவிடும், அதை வைத்து லாரிக்குத் தண்ணீர் பிடிக்கலாம் என்று நினைக்க முடியாது அல்லவா? பம்ப் எடுப்பது 5 ஆம்பியர் என்று வையுங்கள். ஜாயின்ட்டில் துரு பிடித்து ஒரே ஒரு ஓம் தடை வந்துவிட்டால், அங்கேயே 5 வோல்ட் தொலைந்துவிடும். பம்ப்புக்கு மிச்சம் ஏழு. அதில் அது ஓடாது, ஓடினாலும் பிரஷர் கட்டாது. மீட்டரைக் கேட்டால் எல்லாம் சரி என்று சத்தியம் செய்யும்.

ஆகவே லோடு போட்டுப் பாருங்கள். இண்டிகேட்டரின் 21 வாட் பல்ப் ஒன்றை ஹோல்டரோடு எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப்பின் கப்ளரில் நான்கைந்து ஒயர் இருக்கும். மெல்லியவை பெட்ரோல் கேஜுக்குப் போகிறவை, தடிமனான இரண்டும் பம்ப்புடையவை. ஒயர் நிறம் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் நிறத்தை நம்ப வேண்டாம். தடித்த இரண்டுக்கும் நடுவில் பல்ப்பைச் சேர்த்துவிட்டு முன்னால் ஜம்பர் கொடுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் சப்ளையும் எர்த்தும் இரண்டுமே சரி. எரியவில்லை, அல்லது மங்கலாக எரிகிறது என்றால் எந்தப் பக்கம் கோளாறு என்று பிரிக்க வேண்டும். எர்த் பக்கத்து முனையை விட்டுவிட்டு, பல்ப்பின் அந்தக் காலை நல்ல பாடி எர்த்தில் வையுங்கள். இப்போது பளிச்சென்று எரிந்தால் எர்த் ஒயர்தான் குற்றவாளி. அது பாடியில் எங்கே திருகப்பட்டிருக்கிறது என்று தேடி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, மறுபடி இறுக்கினால் போதும். அப்போதும் மங்கல் என்றால் சப்ளை ஒயர்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கப்ளரை மாட்டிய நிலையிலேயே, ஒயர் உள்ளே போகும் பின்பக்கத்தில் ஊசியைச் செருகி அளக்கலாம். பம்ப் சுமையோடு இருக்கும்போது, பேட்டரி பாசிட்டிவுக்கும் பம்ப்பின் பாசிட்டிவ் பின்னுக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பம்ப் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இதைச் செய்யும் எலக்ட்ரீஷியன் உங்கள் ஊரில் இருந்தால் அவர் நம்பரைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: பம்ப்புக்குள்ளேயே கரண்ட் ஓடவில்லை என்றால், அதாவது மோட்டார் உள்ளே முற்றிலும் கட் ஆகியிருந்தால், இந்த இரண்டு அளவும் அழகாகப் பூஜ்யம் காட்டும். அதனால்தான் முதலில் பல்ப்.

சப்ளை ஒயர் மங்கல் என்றால் எங்கே தேடுவது? மூன்று வாரம் நின்ற வண்டி என்கிறீர்கள், என் முதல் சந்தேகம் எலி. இன்ஜின் சூட்டுக்கு வந்து படுக்கிற எலி, ஃபியூஸ் பெட்டிக்கு அடியில் கடிக்கும். சீட்டுப் பஞ்சை எடுத்துக் கூடு கட்டும்போது பின் சீட்டுக்கடியிலும் கடிக்கும். குஷனைத் தூக்கியதும் புழுக்கை, பஞ்சுத்துணுக்கு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, காலடிப் பக்கத்துக் கார்பெட்டுக்கு அடியில் ஓடும் ஹார்னஸ். கதவின் பீடிங் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி கார்பெட் ஊறிப்போயிருந்தால், அங்கிருக்கும் ஜாயின்ட் பச்சை பிடிக்கும். கையை வைத்து ஈரம் பாருங்கள். மூன்றாவது அந்த டிராக்கர் ஜாயின்ட்.

ஜம்பரில் ஓடி, ரிலே மாட்டினால் ஓடாத வண்டிக்கு ஒரு பிரபலமான உதாரணம் சொல்கிறேன். 1990களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில் மெயின் ரிலே என்று ஒரு டப்பா உண்டு. பம்ப்புக்கும் இசிஎம்முக்கும் அதுதான் சப்ளை. ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து அதற்குள் இருக்கும் சால்டரில் முடியளவு விரிசல் விழும். காலையில் ஸ்டார்ட் ஆகும். உச்சி வெயிலில் மூடிய காருக்குள் சூடு ஏறியதும் விரிசல் விரிந்து, கீ ஆன் செய்தால் பம்ப் பேசாது. ஜன்னலை இறக்கிவிட்டுக் கால் மணி நேரம் நின்றால் மறுபடி ஓடும். இதைத் தெரியாமல் உலகம் முழுக்க எத்தனையோ நல்ல பம்ப்புகளைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். டப்பாவைத் திறந்து சால்டர் வைத்தால் சரியாகிவிடும். வெயிலுக்கு மட்டும் வந்து போகும் கோளாறு என்றால் எந்த வண்டியிலும் முதலில் ரிலேயையும் சால்டரையும் நினையுங்கள். சூட்டில் நிற்கும் பம்ப்பும் உண்டு, ஆனால் ரிலேயைப் பார்ப்பது எளிது, மலிவு.

ரிலே 'டிக்' அடிக்கவே இல்லை, செக் லைட் எரிகிறது என்றால் இசிஎம் கட்டளை கொடுக்கவில்லை. இம்மொபிலைசரைச் சொல்லிவிட்டேன். கிராங்க் சென்சார் போனால் வழக்கமாக அந்த முதல் இரண்டு வினாடி ஓடும், செல்ஃப் அடிக்கும்போது ஓடாது. அதனால் உங்கள் அறிகுறிக்கு அது பொருந்தவில்லை. மீதி இருப்பது இசிஎம்மிலிருந்து ரிலே காயிலுக்கு வரும் ஒயர், கடைசியாக இசிஎம். அதற்குள் தண்ணீர் இறங்காத வரை இசிஎம் எளிதில் போவதில்லை. "இசிஎம் போச்சு" என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் ஜாக்கிரதை.

சரி, பல்ப் பளிச்சென்று எரிந்தது, கப்ளரை மாட்டினால் பம்ப் அசையவில்லை. இப்போதுதான் பம்ப்பைக் குறை சொல்லலாம். அப்போதும் ஒரு சின்ன விஷயம் பாக்கி. கப்ளரின் பின்களையும், பம்ப் தலையில் இருக்கும் ஆண் பின்களையும் பாருங்கள். பிளாஸ்டிக் உருகி, பின் கறுத்திருந்தால் அங்கேதான் கரண்ட் நின்றிருக்கிறது. தலைக்கு உள்ளே, டேங்க்குக்குள்ளும் மோட்டாருக்குப் போகும் குட்டை ஒயர் ஒன்று உண்டு, அதன் பின்னும் இப்படிக் கருகும். அசெம்பிளியை வெளியே எடுத்தால் அதையும் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை ஒதுக்க வேண்டும். வெளியே எடுத்த பம்ப்பைக் காய்ந்த நிலையில் பேட்டரியில் வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். பெட்ரோல் ஆவியும் கார்பன் பிரஷ் பொறியும் ஒன்றாகச் சேர வேண்டாம்.

டேங்க்கை அடியிலிருந்து ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே கீ ஆன் செய்வது பழைய வித்தை. கார்பன் பிரஷ் தேய்ந்து தொடர்பு விட்டிருந்தாலோ, மோட்டார் லேசாகப் பிடித்திருந்தாலோ, தட்டினால் ஓடிவிடும். வீடு வரை, கடை வரை வர இது உதவும். ஆனால் தட்டியதும் ஓடிய பம்ப் போகப்போகிற பம்ப். அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

மீட்டரில் 10 ஆம்பியர் அளக்கும் வசதி இருந்தால் ஜம்பருக்குப் பதிலாக அதையே 30, 87 நடுவில் வைத்துப் பார்க்கலாம். சிறிய கார்களில் நல்ல பம்ப் பொதுவாக 3 முதல் 6 ஆம்பியருக்குள் எடுக்கும். பூஜ்யம் என்றால் எங்கோ கட். பத்தைத் தாண்டித் துள்ளினால் மோட்டார் இறுகிவிட்டது; உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மீட்டரின் ஃபியூஸ் போகும். ஒன்றிரண்டு ஆம்பியரில் வேகமாகக் கத்திக்கொண்டு சுற்றினால் உறிஞ்ச பெட்ரோல் இல்லை என்று அர்த்தம். கேஜ் கால் டேங்க் காட்டினாலும் நம்பாமல் ஐந்து லிட்டர் ஊற்றிப் பாருங்கள், கேஜ் பொய் சொல்வதுண்டு. ஓம் மீட்டரை வைத்து மோட்டாரின் தடையைப் பார்த்து முடிவு சொல்வதை நான் ஏற்பதில்லை. இறுகிப்போன மோட்டாரும் அங்கே நல்ல பிள்ளையாகத்தான் காட்டும்.

பம்ப் ஏன் போகிறது என்பதற்கு நம் ஊர்க் காரணங்கள் சில. பெட்ரோல்தான் அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி, அதுவே எண்ணெயும். எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் மோட்டார் பாதி வெளியே தலைகாட்டியபடி சூடாகிறது. சிஎன்ஜி போட்ட வண்டிக்காரர்கள் பெட்ரோலைப் பெயருக்கு ஊற்றி வைத்திருப்பார்கள். வெளியில் மாட்டிய சில கிட்களில் சிஎன்ஜியில் ஓடும்போதும் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது கதை சீக்கிரம் முடியும். அப்புறம் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை தன்னோடு கரைத்து வைத்திருக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். 2023இல் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வரத் தொடங்கிய பிறகு, நெடுநாள் நிற்கும் பழைய வண்டிகளுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். பம்ப்பை வெளியே எடுத்தால் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்க்கைக் கழுவாமல் புது பம்ப்பைப் போடாதீர்கள்.

சில சமயம் குறை தயாரிப்பிலேயே இருக்கும். 2020 ஜூலையில் மாருதி சுசுகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைப் பம்ப்புக்காகத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய மாதம் ஹோண்டா 65,651 கார்களை அழைத்தது. பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லர் குறையுள்ளது, அதனால் இன்ஜின் நின்றுபோகலாம், ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பது காரணம். அந்தக் காலகட்டத்து மாருதி, ஹோண்டா வைத்திருப்பவர்கள், காசு கொடுக்கும் முன் சேசிஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் 2011 ஐ10க்கு இது பொருந்தாது.

பம்ப் ஓடுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் அது வேறு பாதை: பிரஷர் கேஜ் மாட்டி 3.5 கிலோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் இப்போது போக வேண்டாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒயர் எங்கே கட் என்று தேட அலுப்புப்பட்டு, பம்ப்புக்கு "டைரக்ட் கொடுத்து" டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துத் தருவார்கள். வண்டி ஓடும். ஆனால் இசிஎம் இன்ஜினை நிறுத்தும்போது பம்ப்பையும் நிறுத்தும் பாதுகாப்பு அதோடு போய்விடும். மோதி லைன் உடைந்தால் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியில் பம்ப்தான் என்று ஆனால், மோட்டார் மட்டும் மாற்றலாமா, அசெம்பிளியாகவா என்று கேட்பீர்கள். ஐ10 மாதிரி வண்டியில் மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்கும், நல்ல கம்பெனி மோட்டார் என்றால் போதும். கூடவே அடியில் இருக்கும் வலைப் பை போன்ற ஸ்ட்ரெய்னரையும், தலைக்குக் கீழே உட்காரும் ரப்பர் சீலையும் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பழைய சீல் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், திரும்ப உட்காராது. கேஜும் சேர்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தாலோ, உள் ஒயர் கருகியிருந்தாலோ அசெம்பிளியாக வாங்குவதே புத்திசாலித்தனம். விலை அதிசயமாகக் குறைவாக இருந்தால் டூப்ளிகேட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். கீயை ஆன் செய்து, சத்தம் நின்றதும் அணைத்து, அரை நிமிடம் விட்டு மறுபடி என்று மூன்று நான்கு முறை செய்தால் லைனில் இருக்கும் காற்று போய் பிரஷர் ஏறும். அப்புறம் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் ஓடும்போதே பம்ப் தலையையும் லைன் கிளிப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. அதைப் பார்த்த பிறகு மூடியைத் திருகி, சீட்டைப் போடுங்கள்.